பத்மினி, டர்போ பெட்ரோல், மின்சார கார்: சென்னை ரோட்டுக்கு எது?

என் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடி கார் பேச்சு பேசினால், "அந்தக் கால வண்டி மாதிரி வருமா?" என்று ஒருத்தராவது ஆரம்பித்துவிடுவார். நானும் ஃபியட் ஓட்டிப் பழகியவன்தான். இருந்தாலும் பிரேக் விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட மாட்டேன்.

ஃபியட் என்று நாங்கள் சொல்கிற பிரீமியர் பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சுழலும் உருளைக்குள் லைனிங் பட்டைகள் உரசி நிறுத்தும் வகை. தேங்கின தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்கு பிரேக்கே இருக்காது. பெடலை லேசாக மிதித்துக்கொண்டே போய் லைனிங்கைக் காயவைக்க வேண்டும். முன்னால் நீளமாக ஒரே சீட், அதில் மூன்று பேர், நடுவில் ஒரு குழந்தை. இன்றைக்கு, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்தும், முன்பக்கம் இரண்டு ஏர்பேக் 2021 கடைசியிலிருந்தும் எல்லா புது காருக்கும் கட்டாயம். "பழைய வண்டி தகடு கெட்டி சார்" என்பார்கள். கெட்டித் தகடு மோதும்போது மடங்காது. மடங்காததால் மோதலின் வேகம் அப்படியே உள்ளே இருக்கிறவரின் நெஞ்சுக்குப் போகும். பாதுகாப்பில் பத்மினிக்குப் பூஜ்யம் மார்க்.

மீதி எல்லாம் பேச வேண்டிய விஷயம்தான். நான் பார்க்கிற முதல் விஷயம் ஒன்றுதான்: காலால் கேட்டதை வண்டி எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறது?

பத்மினியின் 1089 சிசி இன்ஜின் நாற்பது சொச்சம் குதிரைசக்திதான் கொடுக்கும். ஹூண்டாய் வென்யூவின் டர்போ இன்ஜின் (புகையின் வேகத்தில் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் விசிறி வைத்தது) அதைவிடச் சின்னது, 998 சிசி. சக்தியோ 120 பிஎஸ், அதுவும் குதிரைசக்திக் கணக்குதான். காகிதத்தில் போட்டியே கிடையாது. ஆனால் பத்மினியில் பெடலுக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டருக்கும் நேரடித் தொடர்பு. கால் அசைந்தால் இன்ஜின் அசையும். இன்றைய பெட்ரோல் கார்களில் பெடல் ஒரு சென்சார்தான். அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் எவ்வளவு காற்று விடலாம் என்று முடிவு பண்ணும், அப்புறம் டர்போ சுழன்று எழ வேண்டும். சைதாப்பேட்டை நெரிசலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி அதுவரை காத்திருக்காது. ஊர்ந்து போகிற வேகத்தில் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு வண்டி ஒரே எகிறாக எகிறும். ஈசிஆரில் மகாபலிபுரம் பக்கம் போகும்போதுதான் அந்த இன்ஜினின் அருமை தெரியும். டோல்கேட் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தால் எனக்கே சிரிப்பு வரும்.

மின்சார கார் என்றதும் "அது கார் இல்லை, பெரிய சைஸ் மிக்சி" என்று கிண்டல் பண்ணுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும். கியர் கிடையாது, டர்போ தாமதமும் கிடையாது. பெடலுக்கு உடனே பதில் சொல்வதில், இன்றைக்குக் கிடைக்கிற கார்களில் பழைய கார்புரேட்டர் வண்டிக்குக் கிட்டத்தில் வருவது பேட்டரி வண்டிதான். பெடலிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கும். பத்மினியை இரண்டாவது கியரில் விட்டு இன்ஜின் பிரேக்கிங்கில் இறக்கியவர்களுக்கு அது புதுசே இல்லை. சத்தம் இல்லாததுதான் குறை. இன்ஜின் சத்தம் கேட்டு கியர் மாற்றின காதுக்கு அதில் வேலையே இல்லை.

கியர் பற்றியும் ஒரு வார்த்தை. பத்மினியில் கியர் லீவர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். லீவர் இணைப்பில் இருக்கிற புஷ் (சின்ன வளையம்) தேய்ந்தால் இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். பின்னால் ஹாரன் அலற, இறங்கி பானட்டைத் திறந்து லிங்க்கைக் கையால் இழுத்துவிட்டு ஏறணும். அதைக் காதல் கதை மாதிரி சொல்கிறவர்கள் மே மாத வெயிலில் அதைச் செய்திருக்க மாட்டார்கள். இன்றைய ஆட்டோமேட்டிக்குகளில் எனக்கு ஆகாதது ஏஎம்டி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் மட்டும் ஒரு இயந்திரம். ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை அறுந்து தலை ஆடும். விலை குறைவு, மைலேஜ் குறையாது, அதனால் விற்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். பிரேக்கை விட்டாலே மெதுவாக நகரும், கத்திப்பாராவில் மணிக்கணக்கில் ஊர்ந்தாலும் இடது கால் வலிக்காது.

மழைக்கு வருவோம். சென்னைக்காரன் கார் வாங்கும்போது இதை யோசிக்காமல் இருக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்தாலே காரை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். பத்மினி தண்ணீரில் இறங்கினால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து வண்டி நின்றுபோகும். பெரும்பாலும் அதுதான் இன்ஜினைக் காப்பாற்றும். மூடியைக் கழற்றி காய்ந்த துணியால் துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும். புது பெட்ரோல் காரில் பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது எல்லாம் நன்றாக மூடிய காயில்கள். தண்ணீர் பட்டாலும் இன்ஜின் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும், ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் வரை. தண்ணீரை அழுத்த முடியாது, அதனால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். அதற்கப்புறம் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் அந்தச் செலவைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டவில்லை என்றால் கைக்காசுதான்.

மின்சார காரில் காற்றை உறிஞ்சும் இன்ஜினே இல்லை. பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐபி67 தரத்தில் மூடப்பட்டவை, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டவை. அதற்காக ராத்திரி முழுக்க பேஸ்மென்ட்டில் மூழ்க விடலாம் என்று அர்த்தமில்லை. தேங்கின தெருவைக் கடப்பதில் அதற்குத்தான் பயம் குறைவு.

பத்மினி ஜெயிக்கிற இடம் கண்ணாடி. அதன் முன் தூண்கள் ஒல்லி. உட்கார்ந்தால் நாலு பக்கமும் தெரியும். புது கார்களில் கூரை நசுங்காமல் தாங்கணும், பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் இடம் வேண்டும் என்று தூணைப் பருமனாக்கிவிட்டார்கள். அடையாறில் வலது பக்கம் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டியும் அதில் இரண்டு பேரும் அந்தத் தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோவார்கள். நான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துத்தான் திரும்புகிறேன். எந்த கேமராவும் இதற்கு உதவவில்லை.

தொடுதிரை பற்றிக் கோபம் இல்லாமல் எழுத முடியவில்லை. ஏசியின் காற்றைக் கூட்ட ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கணுமா? வியர்த்த விரல் திரையில் வழுக்கும். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பக்கத்துப் பொத்தானில் படும். ஐரோப்பாவில் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப்பே 2026 விதிகளில் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் மாதிரி அடிப்படை வேலைகளுக்குத் திரையில் இல்லாத, கையால் அழுத்துகிற தனி ஸ்விட்ச் வைத்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. நம்ம ஊர் வெயிலில் உட்கார்ந்து எழுதியிருந்தால் சேர்த்திருப்பார்கள்.

தானாக லேன் பிடிக்கும் வசதியை நான் அணைத்துவிடுகிறேன். பாதி ரோட்டில் கோடே இல்லை, இருக்கிற இடத்தில் யாரும் மதிப்பதில்லை.

பத்மினியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: புதுப்பேட்டையில் பாகம் தேடலாம், பிளக்கும் பாயிண்ட்டும் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். அதைத் தாங்கும் பாகங்களாக மாற்றிவிடுங்கள். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கிற அலைச்சலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் வரை போய்வர அதைவிட நல்ல வண்டி கிடையாது. தினம் ஆபீசுக்கு வேண்டாம்.

தினசரிக்கு என் ஓட்டு மின்சாரத்துக்கு. அதுவும் சொந்த பார்க்கிங்கில் சார்ஜர் போட முடிந்தால்தான். அபார்ட்மென்ட் என்றால் ஷோரூமில் முன்பணம் கட்டும் முன் அசோசியேஷனில் எழுத்து மூலமாகச் சம்மதம் வாங்குங்கள். லைன் இழுக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டால், டார்க் கன்வர்ட்டர் போட்ட பெட்ரோல் கார். வாரக்கடைசியில் ஈசிஆர் பித்து இருக்கிறவர்கள் டர்போ பெட்ரோலைக் கியர் வண்டியாகவே வாங்கட்டும்.