வட்டக்கச்சிப் பக்கம் ஒரு வளவுச் சாப்பாடு: குசினிக்கு முழுப் புள்ளி, கொட்டிலுக்குப் பாதி

கிளிநொச்சி ரவுணிலிருந்து வட்டக்கச்சிப் பக்கம் திரும்பி, வாய்க்கால் கரையோடு கிறவல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், ஒரு குடும்பம் தங்கள் வளவுக்குள்ளேயே மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள். படலையில் கட்டிய தகரத்தில் 'பழைய குடியேற்ற வீடு, சாப்பாடு உண்டு' என்று பெயின்ரால் எழுதியிருக்கிறது. முதல்நாளே போன் எடுத்துச் சொன்னால்தான் உலை வைப்பார்கள். ஆளுக்கு 1,500 ரூபா, சின்னப்பிள்ளைகளுக்குப் பாதி. நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா நெடுந்தீவில் பிறந்தவர். 1950களில் அரசாங்கக் குடியேற்றத்தில் காணி கிடைக்குமென்று தீவிலிருந்து இந்தப் பக்கம் காடு வெட்ட வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அதனால் கீழே வரும் தீர்ப்புகளில் பாதி அவர் சொன்னவை.

சாப்பாட்டில் பிழை சொல்ல இடமில்லை. மொட்டைக்கறுப்பன் சோறு, விரால் குழம்பு, முருங்கையிலை வறை, பூசணிக்காய்ப் பால்கறி, மோர்மிளகாய். கேட்டவர்களுக்குக் குரக்கன் பிட்டும் உண்டு. தூள் அவர்களே வறுத்து இடித்தது. குழம்பின் நிறத்திலேயே தெரிகிறது. விரால் கிடைக்காத நாளில் ஜப்பான் மீன் போடுவார்களாம். 'பாரம்பரிய மீன்' என்று அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா, இலங்கைக் குளங்களுக்கு வந்ததே 1952இல். குடியேற்றக்காரரின் வயதுதான் அதற்கும், ஆகவே விட்டுவிடலாம்.

அம்மா முதல் வாயை வைத்ததும் கேட்ட கேள்வி: "பிள்ளை, மீனைச் சாம்பல் போட்டோ உரஞ்சினனீ?" சமைத்த அக்கா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஓமம்மா, சாம்பலும் உப்பும். பிறகு புளித் தண்ணி" என்றார். கடல்மீன் தின்று வளர்ந்த தீவு ஆட்களுக்குக் குளத்து மீனின் சேற்று மணம் ஆகவே ஆகாது. எங்கள் அம்மம்மா முதல் வருசம் முழுக்க அதைச் சட்டிக்குள் விடவில்லையாம். கருவாட்டோடு காலம் தள்ளினாராம். பிறகு பக்கத்துக் காணிக்காரப் பெண்ணிடம் பழகியதுதான் இந்தச் சாம்பல் வேலை. அதே கைப்பக்குவம் இந்தக் குசினியிலும் இருக்கிறது. எருமைத் தயிரைப் பனங்கட்டியோடு முட்டியிலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் இரண்டாம் தரமும் வாங்கினேன்.

இனிக் கொட்டில். சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பெடியன் ஒருவன் பின்வளவுக்குக் கூட்டிப்போய், அந்தக் காலக் குடியேற்ற வீடு போல வைத்திருக்கும் கொட்டிலைக் காட்டுகிறான். மண்சுவர், ஓலைக்கூரை, உரல் உலக்கை, லாம்பு, நெல் போட்டு வைக்கும் கொம்பறை, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி. "அரசாங்கம் தாத்தாவுக்கு மூண்டு ஏக்கர் வயலும் ரெண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் குடுத்தது, எல்லாரும் இஞ்ச சந்தோசமா இருந்தவை" என்று பாடமாக்கியது போல் சொன்னான். பின்னால் ஸ்பீக்கரில் படப்பாட்டு.

அம்மா அவனை நிறுத்தினார். "தம்பி, சந்தோசம் பிறகு வந்தது. முதல்ல வந்தது காய்ச்சல்."

1934-35 மலேரியாக் கொள்ளையில் இலங்கையில் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். வன்னிக்குப் பெண் கொடுக்க யாழ்ப்பாணத்தார் பயந்ததற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். 1946க்குப் பிறகு டி.டி.ரி. அடித்துத்தான் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மருந்து அடிக்க வருகிறார்கள் என்றால் சட்டிபானை, பாய், தலையணை எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தூக்குவது அம்மாவின் வேலை. மலேரியா இல்லாத நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2016இல். கொட்டிலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதல் காலபோகத்துக்கு, அதாவது மாரிமழை நெல் விதைப்புக்கு, ஆம்பிளையள் மட்டும் வந்தார்கள் என்றும், கிணறு வெட்டிய பிறகுதான் பெண்டுபிள்ளைகளைக் கூப்பிட்டார்கள் என்றும் அம்மா சொன்னார். அதுவரை குடிக்கவும் குளிக்கவும் வாய்க்கால் தண்ணீர். பிறகு பகலில் பிள்ளைகளுக்குக் கிளி கலைக்கிற வேலை, இரவில் தகப்பனுக்குப் பரணில் காவல், அலியன் யானை வந்தால் முழு வீடும் எழும்பித் தகரம் தட்டும். பெடியன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

ஒரு விசயத்தைப் படலைத் தகரத்தில் திருத்தி எழுதலாம்: அது பழைய வீடு அல்ல. 2009 தையில் போரில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்கு மாறி, சனம் கிழக்கே ஓடி, திரும்பி வந்தபோது இந்தப் பகுதியில் கூரையோடு நின்ற வீடு அரிது. கொட்டில் மீள்குடியேறிய பிறகு கட்டியது. முன்னால் இருப்பது 5,50,000 ரூபா இந்திய வீட்டுத்திட்ட வீடு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதுவும் குடியேற்றம்தானே, இரண்டாம் தரம். வளவில் உண்மையாகவே பழையது கிணறும் அதோடு நிற்கிற இரண்டு பலாவும். அவற்றைப் பெடியன் காட்டவே இல்லை. கை கழுவப் போய் நாங்களாகக் கண்டோம்.

கண்ணாடிக்குள் இருக்கிற அனுமதிப்பத்திரத்தை நேரமெடுத்து வாசியுங்கள். பின்னுரித்தாளி, அதாவது அடுத்துக் காணி சேரவேண்டியவர், என்ற இடத்தில் மூத்த மகனின் பெயர். பெயர் எழுதாவிட்டாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வரிசையில் மகன்தான் முன்னுக்கு, மகள் பின்னுக்கு. அதை மாற்றியது 2022இல். விரால் குழம்பு வைத்த அக்கா அந்தத் தாத்தாவின் மகள். பிறந்தது இந்த வளவில், திரும்பி வந்து பற்றை வெட்டியதும் அவர்தான். "காணி ஆற்ற பேரில?" என்று அம்மா கேட்டதற்கு, "அண்ணையின்ர. அவர் வெளிநாட்டில" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவத் தொடங்கினார்.

நாங்கள் கூடுதல் நேரம் இருந்தது அந்தக் குசினியில்தான். வாங்கில் இருத்தி, தேத்தண்ணி தந்து, புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போன கதையை அக்காவும் அம்மாவும் ஆளை ஆள் முந்திக்கொண்டு சொன்னார்கள். இது விலைப்பட்டியலில் இல்லை.

மாட்டுவண்டிச் சவாரிக்கு 500 ரூபா கேட்கிறார்கள். ஒழுங்கை முனைவரை போய்த் திரும்புவதுதான், தேவையில்லை. கழிவறை சுத்தம். நாலு மணிக்குமேல் நுளம்பு தாங்காது. ஞாயிறில் பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்குவதால் அக்காவோடு கதைக்க முடியாது. கிழமை நாளில் போங்கள். தயிர் வேண்டுமென்றால் போன் எடுக்கும்போதே சொல்லி வையுங்கள்.