ஆலன் வேக் 2: வெளிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பயம்

ஆலன் வேக் என்னும் துப்பறியும் நாவலாசிரியரை ஏரிக்கடியில் உள்ள இருளுலகில் 2010-இல் வந்த முதல் பாகத்தில் விட்டுச் சென்ற பின்லாந்தின் வீடியோ கேம் நிறுவனமான ரெமடி, அவரது கதையைத் தொடரப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் வெளியான இரண்டாம் பாகத்தின் கதையிலும் அதே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிரைட் ஃபால்ஸ் என்ற கற்பனை ஊருக்குக் கொலை வழக்கொன்றை விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி சாகா ஆண்டர்சனும், தான் எழுதுவதெல்லாம் நிஜமாகிவிடும் இடத்தில் அடைபட்ட ஆலனும் மாறி மாறி நம் கையில் வருகிறார்கள்.

எதிரியைச் சூழ்ந்த இருளை டார்ச் ஒளியால் எரித்த பிறகே துப்பாக்கிக்கு வேலை. தோட்டாவுக்குப் பஞ்சம் என்றால் பேட்டரிக்கும் பஞ்சம். ஆலனின் உலகில் இது இன்னும் கொடுமையாகிறது: தெருவெங்கும் நிற்கும் நிழலுருவங்களில் பெரும்பாலானவை வெறுமனே முணுமுணுத்துவிட்டுக் கலைந்துவிடும், சில மட்டுமே பாய்ந்து தாக்கும், எது எந்த வகை என்பது வெளிச்சத்தைச் செலவழிக்கும்வரை தெரியாது. சுரங்க ரயில் நிலையத்தில் ஆலன் ஒரு காட்சிக்கான கருவை மாற்றி எழுதினால், சற்றுமுன் வெறுமையாகக் கிடந்த இடம் கொலைக்களமாக உருமாறி நிற்கிறது. விளையாட்டு முழுவதிலும் என்னை அதிகம் கவர்ந்தது இந்த உத்திதான். ராக் இசைக்குழுவுடன் ஆலனே ஆடிப்பாடும் அத்தியாயமும், எதிர்பாராத இடத்தில் வருவதாலேயே, மறக்க முடியாதது.

சாகாவின் பகுதி அந்த உயரத்தை எட்டவில்லை. அவளுடைய மனவறையில், அதாவது மனத்துக்குள் அவள் கற்பனை செய்துகொள்ளும் விசாரணை அறையில், தடயங்களைச் சுவரில் ஒட்டும் வேலை முதலில் சுவையாக இருந்தாலும், முடிவை நாம் ஊகிப்பதற்குள் அவளே சொல்லிவிடுவதால், போகப்போகக் கோப்பு அடுக்கும் குமாஸ்தா வேலையாகிவிடுகிறது. திரை முழுக்கத் திடீரென்று அலறும் முகங்களும் அளவுக்கு மீறியவை. பிற்பாடு வந்த அப்டேட்டில் அவற்றைக் குறைத்துக்கொள்ள வழி செய்திருப்பதே அதற்குச் சான்று.

2024 ஜூனில் வந்த முதல் விரிவாக்கமான 'நைட் ஸ்பிரிங்ஸ்' மூன்று குறுங்கதைகளைக் கொண்டது. ஆலனின் தீவிர ரசிகையான உணவக ஊழியை, தோட்டாவைத் தண்ணீராய் இறைத்தபடி அவரை மீட்கப் புறப்படும் முதல் கதை நல்ல நகைச்சுவை. காபியை மையமாக வைத்த கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் இரண்டாவது, முன்பே பார்த்த இடத்தில் மீண்டும் உலவவிடுகிறது. மூன்றாவதில் விளையாட்டு சித்திரக்கதையாகவும் பழைய எழுத்துவழி விளையாட்டாகவும் வடிவம் மாறிக்கொண்டே போவது ரசிக்கத்தக்கது. ஆனால் பயத்தை எதிர்பார்த்து வாங்குபவருக்கு இதில் தீனி குறைவு.

அந்தக் குறையை அக்டோபரில் வந்த 'தி லேக் ஹவுஸ்' தீர்த்துவைத்தது. ஏரிக்கரை ஆய்வுக்கூடம் ஒன்றில், கணவன் மனைவியான இரு விஞ்ஞானிகள், கலையின் ஆற்றலை அளந்து எடுத்துவிடலாம் என்று நம்பி, ஒருபுறம் ஓர் ஓவியரைப் பிழிந்தெடுக்கிறார்கள். மறுபுறம் ஆலனின் நடையில் எழுதுவதற்குத் தட்டச்சுப் பொறிகளை வரிசையாக இயக்குகிறார்கள். தாமாகவே தட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பொறிகள் நிறைந்த அறையைக் கடந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, குளிரும் எடுத்தது. சுவரோவியங்களிலிருந்து பிதுங்கி வரும் உருவங்களிடம் டார்ச் பலிக்காது என்று தெரியும் கணத்தில், அதுவரை பழகிய பாதுகாப்பெல்லாம் போய்விடுகிறது. ஒரே மாலையில் முடிந்துவிடும் அளவே என்றாலும், மூல விளையாட்டின் பல மணி நேரங்களைவிட இது செறிவானது.

முதல் பாகத்தை ஆடாதவர்களும் இதைப் பின்தொடர முடியும். ஆனால் வழியில் கிடைக்கும் ஆலனின் நாவல் பக்கங்களைப் பொறுமையாக வாசிக்காமல் ஓடுபவர்களுக்குக் கதையில் பாதி நழுவிப்போகும். கணினியில் எபிக் நிறுவனத்தின் இணையக் கடையில் மட்டுமே கிடைக்கிறது. விரிவாக்கங்களில் ஒன்றுக்கு மட்டுமே நேரமிருந்தால், 'லேக் ஹவுஸ்' போதும். அதையும் மூலக்கதையை முடித்த பிறகே தொடங்குங்கள்.