உப்புக் காற்றில் எந்தக் குழாய் நிற்கும்?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நான்கு வகைக் குழாய்கள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக வைத்தவை அல்ல. ஒன்று கெட்டால் கடைக்காரர் கைகாட்டிய இன்னொன்று, அதுவும் கெட்டால் உறவினர் யாராவது சிபாரிசு செய்த மற்றொன்று என்று பதினோரு ஆண்டுகளில் சேர்ந்த கூட்டணி அது. வாளி பிடிக்கும் இடத்தில் பிளாஸ்டிக். குளிக்கும் பக்கம் குரோமிய முலாம் பூசிய பித்தளை. கை கழுவும் பேசினில், கால் சுற்றிலேயே திறந்துவிடும் செராமிக் தகட்டுக் குழாய். கழிப்பறை ஓரம் எவர்சில்வர். நான்கும் ஒரே காற்றில் நிற்கின்றன. ஆனால் நான்குக்கும் ஒரே தண்ணீர் இல்லை. கடையில் குழாய் கேட்டால் அளவைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீருக்கு என்று கேட்ட கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புதிராக இருக்கும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையோரத்தில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் கழிப்பறைக்கும் அதுதான். முறை வைத்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும், தள்ளுவண்டியில் குடக்கணக்கில் வாங்குவதும் நல்ல தண்ணீர். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது ஐ.எஸ். 10500 தரம். எங்கள் போர் அந்த 2000-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அதை நாங்கள் குடிப்பதில்லை. குழாய் குடிக்கிறது, தினமும்.

காற்றின் கதை தனி. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் காற்று அடித்தாலும் சரி, வாடைக் காற்று அடித்தாலும் சரி, வென்டிலேட்டர் வழியாக உப்பு உள்ளே வந்து உட்காருகிறது. காய்ந்து கிடக்கும் உப்பால் பெரிய தொல்லை இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது கசியத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி ஈரம் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், முற்றத்தில் மழையில் நனையும் எங்கள் குழாயைவிட சன்ஷேடுக்கு அடியில் பத்திரமாக இருந்த குழாய்தான் முதலில் புள்ளி விழுந்து போனது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. கூரை கழுவ விடுவதில்லை. குளியலறைக் குழாய் நிரந்தரமாகக் கூரைக்கு அடியில் இருப்பது.

முதலில் பித்தளையையும் எவர்சில்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கடையில் பளபளப்பது பித்தளை அல்ல, அதன்மேல் உள்ள நிக்கலும் அதற்கும் மேலே உள்ள குரோமியமும். அந்தக் குரோமியப் படலம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் உப்பீரம் உள்ளே இறங்கி, சில மாதங்களில் பச்சைக் களிம்பாக வெளியே எட்டிப்பார்க்கும். பார்க்க அசிங்கம், ஆனால் குழாய் வேலை செய்யும். உண்மையான சேதம் உள்ளே நடக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைத்துவிட்டு, செம்பைப் பஞ்சுபோல விட்டுச் செல்கிறது. எங்கள் குளியல் குழாயின் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சுழலும் தண்டு, ஒரு நாள் கையோடு முறிந்து வந்தது. முறிந்த இடத்தில் மஞ்சள் இல்லை. வாய்க்குள் வெற்றிலை போட்டதுபோல் சிவந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வேதாளையிலிருந்து வரும் பிளம்பர் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பித்தளை வாங்கினாய், செம்பாகிவிட்டது. லாபம்தானே தம்பி" என்றார்.

அப்படியென்றால் எவர்சில்வர் மேல் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் கட்டுமானத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள், நம் கழிப்பறைக்குப் போதாதா என்று வாங்கினேன். எவர்சில்வரில் சாதி பல என்பது அப்புறம்தான் புரிந்தது. 304 என்ற வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 வகையில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. உப்பைத் தாங்குவது அந்த மாலிப்டினம்தான். மலிவாகக் கிடைப்பது 202. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். மூன்றும் கடை வெளிச்சத்தில் ஒரே முகம். என்னுடையது 202 ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டே வருடத்தில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை, பிறகு ஊசி குத்தியதுபோல் குழிகள். 304 இதைவிட மெதுவாகக் கறைபடும், துடைத்தால் போகும். 316 குழாய் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை தலையைச் சுற்றும். ஆகவே பெட்டியில் வகை எண் அச்சிடாத எவர்சில்வர் குழாயைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கனமான பித்தளையே எனக்கு மேல். களிம்பு பிடித்த பித்தளைக்கு உதிரிபாகம் ராமநாதபுரத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். என் எவர்சில்வர் குழாயின் உள்பாகத்துக்கு ராமநாதபுரம் முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

பித்தளை என்று சொல்லி வேறொன்றை விற்பதும் உண்டு, கவனம். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசிய குழாயும் அதேபோல மின்னும். கையில் தூக்கினால் கனம் குறைவு. வாயைத் திருப்பி மரை இருக்கும் பக்கம் உள்ளே பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் நிறம். நம் காற்றில் அது கொப்புளம் கட்டி வெள்ளைப் பொடியாக உதிரும். அதை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் குழாயைப் பற்றி எங்கள் அம்மாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "கல்யாண வீட்டில் தற்காலிகத்துக்கு வைப்பது" என்பார். ஆனால் உப்புத் தண்ணீரில் தோற்காதது அது ஒன்றுதான். பி.டி.எம்.டி. என்று கடையில் கேட்டால் கொடுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் களிம்பும் பிடிக்காது, துருவும் பிடிக்காது, வெள்ளைப் படிவும் அதில் அவ்வளவாக ஒட்டாது. ஒரு நல்ல பித்தளைக் குழாயின் விலையில் மூன்று நான்கு வாங்கலாம். அதற்கு எதிரி வேறு: வெயில், வெந்நீர், பிளம்பரின் ஸ்பேனர். கையால் இறுக்கி, அதற்குமேல் அரைச் சுற்று போதும் என்கிற இடத்தில் பித்தளைக்குக் காட்டும் பலத்தைக் காட்டினால் மரை உள்ளேயே முறிந்து, சுவருக்குள் இருக்கும் எல்போ என்ற வளைவு இணைப்பில் தங்கிவிடும். எனக்கு அப்படி ஆனது. ஹாக்ஸா பிளேடை ஒடித்து, துணி சுற்றிக் கையில் பிடித்து, முறிந்த துண்டில் இரண்டு கீறல் போட்டு, திருப்புளியால் உள்பக்கமாக மடக்கி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கீறல் எல்போவின் மரையைத் தொட்டிருந்தால் சுவரை உடைத்திருக்க வேண்டும். சூரிய வெந்நீர் இணைப்பு இருந்தால் அந்தப் பக்கம் பிளாஸ்டிக் வேண்டாம்.

உடல் எதுவானாலும் தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் பொருள். அதில் இரண்டு கட்சி. பழைய கட்சியில் ஸ்பிண்டிலைத் திருகத் திருக ஒரு ரப்பர் வாஷர் கீழிறங்கி, தண்ணீர் வரும் துளையின் விளிம்பான இருக்கையின்மேல் அழுந்தும். புதிய கட்சியில் அலுமினியம் ஆக்சைடால் செய்த இரண்டு வழவழப்பான செராமிக் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்; கால் சுற்றில் துளைகள் நேர்பட்டுத் தண்ணீர் வரும். நல்ல தண்ணீரில் செராமிக்கை அடிக்க ஆளில்லை. எங்கள் பேசின் குழாய் ஆறு வருடமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைவிரல்கள் வீங்கும் பெரியவர்களுக்கும், சோப்புக் கையோடு திறக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் வசதி.

அதே வகைக் குழாய் ஒன்றை நான் முதலில் உப்புத் தண்ணீர் லைனில் மாட்டியிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் கைப்பிடி அசையவில்லை. தகடுகளின் ஓரத்தில் சுண்ணாம்புப் படிவு இறுகியிருந்தது. பலம் கொடுத்தேன், கைப்பிடி என் கையில், குழாய் சுவரில். மணலும் அதற்கு ஆகாது. செராமிக் மணலைவிடக் கடினம், ஆகவே கீறல் விழுவது அபூர்வம். ஆனால் ஒரு மணல் துகள் இடுக்கில் சிக்கினால் இரு முகங்களும் சேராது, அடியில் உள்ள ரப்பர் வளையமும் தேயும். கூட்டுக் குடிநீர் பல நாள் நின்று திரும்ப வரும்போது முதல் ஐந்து நிமிடம் வருவது துருவும் மண்டியும்தான். அதை நேராகத் தொட்டியில் விடாமல் செடிக்கு விட்டாலே செராமிக்கின் ஆயுள் கூடும். ரப்பர் வாஷரோ மணலை மென்று விழுங்கிவிடும். கெட்டாலும் ஒரு தேநீர் விலையில் புதியது. ஆகவே போர் தண்ணீர் லைனுக்கு ரப்பர், காவிரித் தண்ணீர் லைனுக்கு செராமிக். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கழுவும் விஷயத்திலும் ஒரு போட்டி உண்டு: ஒரு பக்கம் வினிகரும் எலுமிச்சைத் தோலும், மறுபக்கம் கழிப்பறை ஆசிட். குழாயில் படிவது இரண்டு வகை. கடல் உப்பு சாதாரணத் தண்ணீரிலேயே கரையும். வாரம் இருமுறை ஒரு குவளை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்தால் போதும். உப்புத் தண்ணீரிலேயே கழுவிவிட்டுப் பளபளக்கவில்லை என்று குறைப்படுபவர்களை என்ன சொல்ல. மற்றது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த வெள்ளைப் படிவு. அதற்குத்தான் அமிலம் வேண்டும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயின் வாயில் சுற்றி இருபது நிமிடம் விட்டால் படிவு நுரைத்து இளகும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடலாம். இரும்பு நார் வேண்டாம். அது விட்டுச் செல்லும் துணுக்குகள் எவர்சில்வரில் துருவாக மலரும்.

ஆசிட் ஒரே நிமிடத்தில் வேலையை முடிக்கும்; குரோமியத்தையும் முடித்துவிடும். அதில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முலாமைக் கரைக்கும், எவர்சில்வரில் குழி தோண்டும். ஊற்றக்கூட வேண்டாம், மூடி சரியாக மூடாத பாட்டில் குளியலறை மூலையில் இருந்தால் ஆவியே போதும். எங்கள் எவர்சில்வர் குழாய்க்கு நேர் கீழே அப்படி ஒரு பாட்டில் ஒரு வருடம் இருந்தது. கடல் செய்ததாக நான் திட்டிய குழிகளில் பாதி அந்தப் பாட்டில் செய்தது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இனி ரிப்பேர். தண்ணீர் மெலிந்து வந்தால் குழாயின்மேல் பழி போடுவதற்கு முன் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். உள்ளே மணலும் வெள்ளைத் துணுக்கும் கிடக்கும்; வினிகரில் ஊறவிட்டால் தீர்ந்தது. கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள நட்டைச் சற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் அதற்குள் டெஃப்லான் டேப்பைத் திரித்துச் சுற்றி இறுக்கலாம். திறக்கும்போது குழாய் தடதடவென்று அதிர்ந்தால் வாஷர் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

சொட்டினால் வாஷர். மூடியும் சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அது தேய்ந்த ரப்பரை மேலும் வெட்டும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் மேல்வால்வை மூடி, பேசின் துளையில் துணி அடைத்து (ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போனது), ஸ்பிண்டிலைக் கழற்றிப் பழைய வாஷரைப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் புதியது போடலாம். பள்ளம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் கோளாறு இருக்கையில். அங்கே விரலை விட்டுத் தடவினால் உப்பு அரித்த சொரசொரப்பு தெரியும். அதற்கு எத்தனை வாஷர் போட்டாலும் ஒரு மாதம்தான், குழாயையே மாற்றிவிடுங்கள். புதிய வாஷரில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். எண்ணெய் வெளிப்புறத்துக்கு நல்லது. துடைத்த பின் மெல்லிதாகப் பூசினால் உப்பீரம் ஒட்டாது.

இவ்வளவுக்கும் முதலில் மேல்வால்வு மூட வேண்டுமே. எங்கள் வீட்டில் அது மூடவில்லை. பதினோரு வருடம் தொடாமல் கிடந்த கேட் வால்வு உப்பில் இறுகிப்போயிருந்தது. பிளம்பர் அண்ணன் மாடியேறி, தொட்டிக்குள் கைவிட்டு, வெளிவாயில் பழைய லுங்கித் துணியைத் திணித்து நிறுத்தினார். மாதம் ஒருமுறை மூடித் திறந்திருந்தால் இந்த லுங்கிக்கு வேலை இருந்திருக்காது என்றும் சொன்னார். இப்போது அங்கே பிளாஸ்டிக் பால் வால்வு. கழிப்பறை ஓரத்து எவர்சில்வரும் அடுத்த மாதம் இறங்குகிறது. அதன் இடத்துக்கு வாங்கி வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை அம்மா இன்னும் பார்க்கவில்லை.