கட்டணம் 500, காத்திருப்பு இரண்டரை மணி நேரம்

கிருஷ்ணகிரியில், பெங்களூரு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த மனநல மருத்துவமனை. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், ஊரும் சின்னது.

படி குறுகல். உட்கார எட்டு நாற்காலி, வந்திருந்தவர்கள் இருபதுக்கும் மேல். பத்தரைக்கு வரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிடும்போது மணி ஒன்று. அதுவரை நான் செய்த ஒரே வேலை, படியேறி வருபவர்களில் எங்கள் ஊர் போச்சம்பள்ளிக்காரர் எவராவது இருக்கிறாரா என்று பார்த்ததுதான். மகன் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு 19 வயது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் என்று சேலத்தில் பொறியியல் சேர்த்தேன். இரண்டாம் பருவத் தேர்வை எழுதாமலே வீட்டுக்கு வந்துவிட்டான். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு, சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவான். செல்போன்தான் காரணம் என்று நான் பிடுங்கி வைத்தேன். காற்றுக் கருப்பு என்று என் அம்மா கயிறு கட்டினார். மனச்சோர்வு வந்தவன் அழுவான் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வயதில் அது எரிச்சலாகவும் வரும் என்பதை இந்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போனதும் என்னை வெளியே அனுப்பிவிட்டார். “பதினெட்டு முடிந்துவிட்டது. முதலில் அவரிடம் பேசுகிறேன். உங்களிடம் எதைச் சொல்லலாம் என்று அவரே சொல்லட்டும்.” என் மகனை ஒருவர் ‘அவர்’ என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பணம் கட்டியவன் நான், வாசலில் நிற்பவனும் நானா என்று கோபம் வந்தது. நாற்பது நிமிடம் நின்றேன்.

பிறகு கூப்பிட்டார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 18 வாங்கியிருந்தான். இவ்வளவு வாங்கினாயே என்று மனம் கலங்கிய தேர்வு அது ஒன்றுதான். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

அடுத்து, “வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா?” என்றார்.

மாந்தோப்பு வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா? பூக்கிற பருவத்தில் தத்துப்பூச்சிக்கு அடித்தது போக மீதி எப்போதும் கிடக்கும் என்றேன். எங்கே என்றார். மாடிப்படிக்குக் கீழே என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அவன் படுக்கிற அறைக்கு நேர் எதிரே அந்த இடம். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். “அப்படியெல்லாம் இல்லைப்பா” என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். குனிந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

டாக்டர் திட்டவில்லை. இன்றைக்கே இடம் மாற்றிப் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும், மாத்திரையையும் தினமும் நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றார். இந்த மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தவறான எண்ணம் கூடவும் வாய்ப்புண்டு, தனியே விடாதீர்கள் என்றும் சொன்னார். அன்று மாலையே எல்லாவற்றையும் கிணற்று மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். அந்த ஒரு கேள்விக்கே 500 ரூபாய் தகும்.

சீட்டின் பின்பக்கம் 14416 என்று எழுதிக் கொடுத்தார். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. ஒருநாள் நடுச்சாமத்தில் மகன் மொட்டைமாடியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். யாரோ பெண் என்று நினைத்துப் பாதிப் படி ஏறிவிட்டுத் திரும்பினேன். அந்த எண்ணுக்குத்தான் பேசினான் என்று மறுநாள் அவனே சொன்னான்.

மாத்திரை உடனே வேலை செய்யாது. முதல் வாரம் குமட்டல்தான். ஐந்தாவது வாரம் அடுப்படியில் வந்து நின்று, களி இருக்கிறதா என்று கேட்டான். என் மனைவி இருந்த களியையெல்லாம் அவன் தட்டிலேயே வைத்துவிட்டாள். எனக்கு அன்று பழைய சோறு. சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டதற்கு, தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கீழே மருந்துக்கடையில்தான் எனக்குத் தீராத எரிச்சல். “மேல்மாடிச் சீட்டு யாருடையது?” என்று பெயரைச் சொல்லித் தெருவுக்கே கேட்கக் கத்துகிறார்கள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், மாறவில்லை. இப்போது போச்சம்பள்ளியிலேயே வாங்கிக்கொள்கிறோம்.

நான்காவது முறை அவன் தனியாக பஸ் ஏறிப் போனான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“சொல்லலாம் என்று தோன்றினால் சொல்கிறேன்பா” என்றான்.