டபுள் கிராங்க், டிரிபிள் கிராங்க்: உங்கள் இடது லிவர் எதற்குச் சரிப்படும்?

ரோடு பைக்கில் முன்பக்கம் இரண்டு பல்தட்டா (டபுள்) மூன்று பல்தட்டா (டிரிபிள்) என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தட்டுகளும் பெடலும் மாட்டியிருக்கும் கிராங்கைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது முன் கியரை மாற்றும் இடது கை லிவரை. வலது லிவர் பின்னால் 8, 9, 10 என்று எத்தனை பல்சக்கரம் என்பதோடு முடிந்துவிடும், முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் டபுளிலிருந்து டிரிபிளுக்கோ, டிரிபிளிலிருந்து டபுளுக்கோ மாற நினைத்தால் லிவருக்காகப் பணம் போட வேண்டியது இடது பக்கத்தில் மட்டும்தான், அதுவும் சில சமயம் தேவையே இல்லை.

ஷிமானோ நிறுவனத்து லிவரில் கண்டுபிடிப்பது சுலபம், லிவரிலேயே மாடல் எண் இருக்கும். அவர்களுடைய 105 வரிசையில் 5700 டபுள், 5703 டிரிபிள். அல்டெக்ராவில் 6700, 6703. டியாக்ராவில் 4600, 4603, அடுத்து வந்த 4700, 4703. சோராவின் புதிய வரிசையில் ஆர்3000 டபுள், ஆர்3030 டிரிபிள். கடைசியில் 3 வந்தாலோ 30 வந்தாலோ டிரிபிள் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய 9 கியர் காலத்து லிவர்கள் சில இரண்டுக்குமே பொதுவாக வந்தவை, அங்கே இந்தக் கணக்கு உதவாது. எண் தேய்ந்துபோயிருந்தால் முன் டெரெய்லரிலிருந்து (செயினைத் தட்டுக்குத் தட்டு தள்ளும் கருவி) கேபிளைக் கழற்றி, ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு லிவரைத் தள்ளிப் பாருங்கள். அழுத்தமான கிளிக்குகளை மட்டும் எண்ண வேண்டும் (ஒன்று என்றால் டபுள், இரண்டு என்றால் டிரிபிள்), செயின் உரசாமல் இருக்க நடுவில் வரும் சின்னச் சின்ன கிளிக்குகளையும் சேர்த்து எண்ணினால் எல்லா லிவரும் டிரிபிள் மாதிரிதான் தெரியும்!

இனி யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்று பார்ப்போம்.

டிரிபிள் லிவர், டபுள் கிராங்க்: ஓடும். லிவரில் மூன்று நிலை இருக்கிறது, நமக்கு வேண்டியது இரண்டு, மிச்சத்தை டெரெய்லரின் திருகாணியால் அடைத்துவிடலாம். இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் இரண்டு நிலைகளைப் பயன்படுத்தி மூன்றாவதை வெளித் திருகாணியால் தடுப்பது ஒன்று, இதில் மறந்துபோய் இன்னொரு முறை அழுத்தினால் கேபிள்தான் அடி வாங்கும். மேல் இரண்டு நிலைகளைப் பயன்படுத்தி, கீழ் நிலையைச் சும்மா தொங்கவிடுவது இன்னொன்று. அதில் தவறுதலாகக் கீழே விட்டாலும் கேபிள் தளர்வதோடு சரி, திரும்ப ஏற்ற ஒரு வெற்றுத் தள்ளு கூடுதலாகத் தேவைப்படும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

டபுள் லிவர், டிரிபிள் கிராங்க்: மூன்று தட்டும் கிடைக்காது. லிவருக்குள் மூன்றாவது பல்லே இல்லாதபோது என்ன ட்யூன் செய்தும் வராது. யூடியூப்பில் யாரோ செய்துகாட்டினார் என்று மெக்கானிக்கிடம் போய் உட்கார்ந்துவிடாதீர்கள், பாவம் அவர். ஆனால் அந்த மூன்றில் அடுத்தடுத்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம். 50/39/30 கிராங்கில் (எண்கள் தட்டுகளின் பல் எண்ணிக்கை) எல்லாரும் 30-ஐக் கழற்றிவிட்டு 50/39 வைத்துக்கொள்கிறார்கள். மலைப்பக்கம் ஓட்டுபவராக இருந்தால் 50-ஐக் கழற்றிவிட்டு 39/30 வைத்துக்கொள்வதையும் யோசியுங்கள். 39-க்குப் பின்னால் 11 பல் சக்கரம் போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 40 கிலோமீட்டர் வருகிறது, அதற்கு மேல் சமதரையில் தனியாக எத்தனை பேர் மிதிக்கப் போகிறோம்?

மூன்று தட்டும் வேண்டும், லிவருக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் ஹேண்டில்பார் முனையில் மாட்டும் ஷிஃப்டர் இருக்கிறது. ஷிமானோவின் 9, 10 கியர் பார்-எண்ட் ஷிஃப்டர்களில் இடது பக்கம் கிளிக்கே கிடையாது, உரசலில் நிற்கும், டபுளோ டிரிபிளோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். கையை இடம் மாற்றித்தான் கியர் போட வேண்டும் என்பது ஒன்றே குறை. கம்பனியோலோ நிறுவனத்தின் பழைய எர்கோபவர் இடது லிவரும் கிட்டத்தட்ட இதே குணம், பொடிப் பொடிக் கிளிக்குகளாக நகரும் என்பதால் இரண்டு தட்டையும் மூன்று தட்டையும் சமாளிக்கும். ஸ்ராம் நிறுவனத்து லிவர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ரோடு லிவரில் அவர்கள் டிரிபிளே செய்ததில்லை, 2010-இல் அவர்களுடைய ஏபெக்ஸ் வரிசை வந்தபோது 50/34-க்குப் பின்னால் 11-32 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டு டிரிபிளுக்கு இதுதான் பதில் என்று விற்றார்கள்.

அந்தப் பதில் எவ்வளவு சரி? கணக்கு போட்டால் ஆச்சரியமாக இருக்கும். டிரிபிளில் 30-க்கு 28 போட்டால் விகிதம் 1.07, காம்பாக்ட் எனப்படும் 50/34 டபுளில் 34-க்கு 32 போட்டால் 1.06. ஏற்றத்தில் இரண்டும் ஒன்றேதான். பின் டெரெய்லர் உள்வாங்க வேண்டிய செயின் தளர்வும் (டிரிபிளுக்கு 11-28, காம்பாக்டுக்கு 11-32 கேசட் என்றால்) இரண்டிலும் 37 பல். ஷிமானோ டுரா-ஏஸ் 7900-இல் டிரிபிளைக் கைவிட்டது, பிறகு அல்டெக்ரா 6800, 105 5800 என்று வரிசையாகக் கைவிட்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

வித்தியாசம் நடுவில்தான். 50-இலிருந்து 34-க்கு விழும்போது 16 பல் ஒரேயடியாகப் போகிறது, கால் சட்டென்று காற்றில் சுற்றும், உடனே பின்னால் இரண்டு மூன்று கியர் ஏற்ற வேண்டும். டிரிபிளில் 11, 9 என்று படிப்படியாக இறங்கலாம், சமதரை முழுக்க 39-இலேயே ஓடிவிடலாம். அப்புறம், டிரிபிளின் சின்னத் தட்டு பெரும்பாலும் 74 மி.மீ. போல்ட் வட்டத்தில் மாட்டப்படுவதால், அப்படிப்பட்ட கிராங்கில் 26, 24 வரை இறக்கலாம். காம்பாக்டின் 110 மி.மீ. வட்டத்தில் 34-க்குக் கீழே போக வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். 26-க்கு 32 என்றால் 0.81, பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறுபவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அதற்கு ரோடு டெரெய்லரின் நீளம் போதாது. 9 கியர்வரை என்றால் ஷிமானோவின் 9 கியர் மவுண்டன் பைக் பின் டெரெய்லர் அப்படியே பொருந்தும்.

பின்னால் சரி, முன்னால் அதைச் செய்யாதீர்கள். மவுண்டன் பைக் முன் டெரெய்லருக்குக் கேபிளை இழுக்க வேண்டிய அளவே வேறு. முன் டெரெய்லரை கிராங்கின் தட்டு எண்ணிக்கைக்கும் லிவரின் தலைமுறைக்கும் சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். டிரிபிளுக்கான டெரெய்லரில் செயின் நுழைந்து ஓடும் கூண்டின் உள்பக்கத் தகடு கீழே நீண்டு தொங்கும், டபுள் கூண்டில் அது இல்லாததால் 30-இல் ஓடும் செயின் கூண்டின் அடியில் உரசும். டியாக்ரா 4700 வரிசை 10 கியர்தான் என்றாலும் பழைய 10 கியர் சாமான்களோடு சேராது, இதைக் கடைக்காரர் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

கிராங்கை மாற்றுபவர்கள் பாட்டம் பிராக்கெட்டையும் (ஃப்ரேமுக்குள் கிராங்க் சுழலும் பாகம்) ஒரு கண் பார்க்கவும். ஷிமானோவின் பழைய ஆக்டாலிங்க் வகை என்றால் டிரிபிளுக்கு 118.5 மி.மீ. அச்சு, டபுளுக்கு 109.5, அதனால் அதையும் சேர்த்து மாற்ற நேரும். பிறகு வந்த ஹாலோடெக் 2 வகையில் அச்சு கிராங்கோடு வருவதால் இந்தத் தலைவலி இல்லை.

என்னைக் கேட்டால், டிரிபிள் லிவர் கையில் இருப்பவர் எந்தக் கிராங்கும் வாங்கலாம், லிவரைத் தொட வேண்டாம். டபுள் லிவரும் டிரிபிள் கிராங்கும் சேர்ந்து மாட்டிக்கொண்டவர் டிரிபிள் லிவரைத் தேடி அலைவதைவிட 50/34 கிராங்கும் பெரிய கேசட்டும் வாங்குவது மேல், ஏனென்றால் 5703, 6703 மாதிரியான இடது லிவர்கள் இப்போது பழைய சாமான் விற்பவர்களிடம்தான் கிடைக்கின்றன, அவர்கள் சொல்வதுதான் விலை. மூட்டையோடு நெடுந்தூரம் போகிறவருக்கு மட்டும் டிரிபிள், அதுவும் பார்-எண்ட் ஷிஃப்டரோடு.