உப்புக்காற்றில் ஒரு குட்டி கெப்: திருகோணமலையில் ரிமோட் கார் கட்டி ஓட்டிய அனுபவம்

திருகோணமலையில் ரிமோட் கார் வாங்குகிறவர் மோட்டாரை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் ஸ்குரூக்களை மாற்றுங்கள். சில வருடங்களாக ஒரு சின்னக் கெப்பை (பின்தட்டுள்ள சிறு பாரவண்டியின் மாதிரியை) கட்டியும் கழற்றியும் ஓட்டியும் வந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். இணையத்தில் காணொளி போடுகிறவர்கள் தரும் பட்டியல்களில் வேகமான மோட்டார், அலுமினிய உதிரிப்பாகங்கள், பெரிய பற்றரி என்று வரிசை நீளும். உப்புக்காற்றைப் பற்றியும் கருமணலைப் பற்றியும் அவற்றில் ஒரு சொல் இருக்காது. நம் ஊரில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவை அவை இரண்டும்தான்.

என்னிடம் இருப்பது 1/16 அளவில், அதாவது உண்மையான வண்டியின் பதினாறில் ஒரு பங்கு நீளத்தில், சீனாவில் செய்யப்பட்ட கெப். நான்கு சில்லுகளும் இழுக்கும். பார்வைக்கு டொயோட்டா ஹைலக்ஸ் சாயல். துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததை நானே பூட்டினேன். பூட்டிய நிலையில் வருவதை வாங்குவதைவிட இது பல மடங்கு நல்லது. எந்தப் பல்லுச் சில்லு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால், பிறகு எது பழுதானாலும் பயமில்லை.

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1/10 வண்டிகள் அரை மீற்றர் நீளம் வரும். அவற்றுக்குத் திறந்தவெளி வேண்டும், உதிரிப்பாகமும் விலை கூட. 1999இல் கியோஷோ நிறுவனம் கொண்டுவந்த மினி-இசட் போன்ற 1/28 வண்டிகளுக்கு வழவழப்பான தரை வேண்டும். நம் முற்றத்து மணலில் அவை நகராது. 1/24 அளவில் கல்லேறும் வண்டிகள் அழகானவை, மேசையில் புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேலேயே ஓட்டலாம். ஆனால் மணலில் அவற்றின் சில்லுகள் புதைந்துவிடும். 1/16 வண்டி முப்பது சென்றிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு பையில் போட்டு சைக்கிளில் கொண்டுபோகலாம். ஐந்து சென்றிமீற்றர் உயரமான கல் அதற்கு எண்பது சென்றிமீற்றர் பாறை. வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு மலைநாடு கிடைத்துவிடுகிறது.

நீளம் 16இல் ஒரு பங்காகக் குறையும்போது எடை 4096இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இரண்டு தொன் எடையுள்ள உண்மையான கெப்பை இந்தக் கணக்கில் சுருக்கினால் அரைக் கிலோகூட வராது. இவ்வளவு இலேசான வண்டிக்குப் பெட்டியில் வரும் ஸ்பிரிங்குகள் கடினமானவை. கல்லில் பட்டவுடன் துள்ளும், ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக் கவிழும். பலர் உடனே மோட்டார் போதவில்லை என்று நினைக்கிறார்கள். குறை எடையில் இருக்கிறது. முன் சில்லுகளுக்குள், அச்சுக்குச் சமமான உயரத்தில், கொஞ்சம் ஈயம் சேர்த்துப் பாருங்கள். அதே மோட்டார் அதே கல்லில் நிதானமாக ஏறும். இதற்கென்று விற்கும் பித்தளை வளையங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் வலைக்குக் கோர்க்கும் ஈயமணி நிறுத்துத் தருவார்கள். அதைத் தட்டி நாடாவாக்கி, சில்லின் உள்வட்டத்தில் ஒட்டினால் போதும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உடற்கூட்டுக்கு மேலே எந்த எடையையும் ஏற்ற வேண்டாம்.

இனி ஸ்குரூவுக்கு வருகிறேன். இந்த வண்டிகளில் வருபவை பெரும்பாலும் கறுப்புப் பூச்சுள்ள உருக்கு ஸ்குரூக்கள். கடற்கரையில் ஓட்டாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தாலும் உப்புக்காற்று அவற்றை விடாது. தலைக் குழிக்குள் துரு நிறைந்ததும் திருகும் சாவி உட்காராமல் வழுக்கும், பிறகு அந்த அச்சைத் திறக்க வழியில்லை. ஆகவே வண்டியைப் பூட்டும்போதே துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூக்களைப் போட்டுவிடுவது நல்லது. அதிலும் 304 என்ற தரத்தைவிட 316 கடலோரத்துக்குப் பொருத்தம். அதில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். ஒரேயொரு கவனம்: இவை கறுப்பு ஸ்குரூவைவிட மென்மையானவை. தேய்ந்த சாவியால் பலம்போட்டுத் திருகினால் தலை வட்டமாகிவிடும். நல்ல சாவி ஒன்றுக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

அலுமினிய உதிரிப்பாகங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: கடலோரத்தில் வேண்டாம். நீலமும் சிவப்புமாக மின்னும் அந்தப் பாகங்கள் கண்ணைப் பறிப்பது உண்மை. ஆனால் அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். ஸ்குரூ இறங்கும் துளையைச் சுற்றி வெள்ளைத் தூள் பூக்கும், மரை தின்றுபோகும், ஒருநாள் ஸ்குரூ சும்மா சுற்றும். அதே இடத்தில் பெட்டியோடு வந்த நைலோன் பாகம் வருடக்கணக்காக அப்படியே இருக்கிறது. அது வளைந்து கொடுக்கும், உடைந்தால் விலை குறைவு, உப்பு அதைத் தொடாது. உலோகம் அவசியம் என்று நான் ஒத்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு: அச்சுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள், முன் சில்லுகளைத் திசைதிருப்பும் சிறு மோட்டாரான சேர்வோவின் பற்சக்கரங்கள். சேர்வோவில் பிளாஸ்டிக் பல் இருந்தால் கல்லுக்கிடையில் சில்லு இறுகும் முதல் நாளிலேயே பல் போய்விடும்.

கருமணல் வேறொரு பகை. நம் மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டையில் இல்மனைட், ரூடைல், சிர்கோன் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் அளவுக்குக் கனிய மணல் இருக்கிறது. அலை பின்வாங்கிய ஈரத்தில் கரும் கோடுகளாகப் படிந்திருப்பது அத்தகைய மணல்தான். அதில் இரும்புத் தாது கலந்திருப்பதால் காந்தத்துக்கு இழுபடும். சாதாரண மோட்டாருக்குள்ளே இரண்டு காந்தங்கள் இருக்கின்றன, அதன் உறையில் காற்றுத் துளைகளும் இருக்கின்றன. வெள்ளை மணல் உள்ளே போனால் தட்டினால் வந்துவிடும். கருமணல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, சுழலும் பாகத்தையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷையும் உரசித் தின்னும். மோட்டாரின் சத்தம் கரகரப்பாக மாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிரித்தெடுத்த காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி, ஓட்டப்போகும் இடத்தில் மணலின்மேல் இழுத்துப் பார்ப்பேன். கறுப்பாக மயிர்போல் நிமிர்ந்து ஒட்டினால் அந்த இடத்தில் ஓட்டுவதில்லை. காந்தத்தைப் பொலித்தீனிலிருந்து உருவியெடுத்தால் மணல் தானே கொட்டிவிடும். மோட்டாரின் துளைகளுக்கு மெல்லிய நைலோன் காலுறைத் துணியைக் கட்டுவதும் உண்டு. மெதுவாகக் கல்லேறும் வண்டிக்கு இது சரி. வேகமாக ஓடும் வண்டியில் மோட்டார் சூடாகிவிடும், அங்கே செய்யக் கூடாது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்குக் கிறீஸ் பூசாதீர்கள்; கிறீஸில் மணல் ஒட்டினால் அது அரத்தின் வேலையைச் செய்யும். மூடிய அச்சுக்குள் மட்டும் கிறீஸ் போதும். பேரிங் வாங்கினால் இரும்பு மூடி உள்ளதை விட்டுவிட்டு ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள்.

மணலும் உப்பும் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிய பிரச்சினைகளும் அல்ல. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் 1976இல் 1/12 அளவு போர்ஷே 934 காருடன் ரிமோட் கார் உலகுக்குள் வந்தது. மூன்று வருடங்கள் கழித்து, 1979இல், அவர்கள் வெளியிட்ட சாண்ட் ஸ்கோர்ச்சர் மணலில் ஓடவென்றே செய்யப்பட்டது. அதில் ரேடியோக் கருவிகளையெல்லாம் நீர்புகாத ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். அந்த யோசனையின் அருமை கடலோரத்தில் வாழ்கிறவனுக்குத்தான் முழுதாக விளங்கும். நானும் அதே வழியில், ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரையும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையையும் இறப்பர் வளையமுள்ள சிறிய உணவுப் பெட்டிக்குள் அடக்கியிருக்கிறேன். பலகையின்மேல் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு படை. வயர் பூட்டும் இடங்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, துடைத்து, நிழலில் காயவைத்து, மோட்டாரின் இரு முனைகளிலும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கு இந்த ஊரில் இடமில்லை.

பற்றரி விடயத்தில் நம் நாட்டு நிலைமைக்கு ஏற்பத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. தனி லித்தியம் பற்றரியை வெளிநாட்டுத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள், ஆகவே உள்ளூரில் கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும். நான் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து 7.4 வோல்ற் பெறுகிறேன். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகச் சமப்படுத்தும் சார்ஜர் கட்டாயம். கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஓட்டாமல் வைக்கும் காலத்தில் 3.8 அளவில் வைக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிற்கும் முச்சக்கரவண்டிக்குள் பற்றரியை விட்டுவிட்டுப் போகவே கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். இந்தச் சிறு சார்ஜர்கள் 12 வோல்ற் நேரோட்டத்திலும் வேலை செய்வதால், பெற்றோல் இல்லாமல் நின்ற மோட்டார் சைக்கிளின் பற்றரியில் கொளுவி ஏற்றினோம். கெப்பின் முன்விளக்குகளுக்கு வெள்ளை எல்.ஈ.டி. பூட்டியதும் அந்த நாட்களில்தான். 5 வோல்ற் வழியில் ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் தடை போட்டால் போதும். இருண்ட ஒழுங்கையில் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் அயல் பிள்ளைகள் ஓடிய மாலைகளுக்காகவே இந்த வண்டியை நான் விற்க மாட்டேன். அப்போது டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுவரை ஏறியதில், உதிரிப்பாகம் வரவழைப்பதும் அறவே நின்றுபோனது. கையில் உள்ளதை வைத்துச் செய்யும் பழக்கம் அங்கேதான் உறுதியாயிற்று.

அந்தப் பழக்கத்தின் மிக அழகிய பகுதி உடற்கூடு செய்வது. எஸ்லோன் (பி.வி.சி.) குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்து, சூடான நீரில் இளக்கி, இரண்டு பலகைக்கிடையில் அழுத்தினால் தட்டையான தகடு கிடைக்கிறது. நெருப்பில் நேராகக் காட்ட வேண்டாம். கருகினால் வரும் புகை நச்சு. வெட்டவும் அரம் போடவும் இலகு, குழாய் ஒட்டும் பசையே இதையும் ஒட்டும். முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகங்கள் அறுபது பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். மூடிய வாகனத்துக்குள் வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். என் கெப்பின் பின்தட்டில் மீன் வியாபாரியின் றெஜிபோம் பெட்டிகள், தராசு, சுருட்டிய நீலத் தறப்பாள் எல்லாம் ஏறியிருக்கின்றன. வெளிநாட்டு மாதிரிகளில் முகாம் கூடாரமும் மேற்கூரைத் தட்டும் வைப்பார்கள். நம் தெருவில் ஓடுகிற வண்டியை நாமே செய்யாவிட்டால் யார் செய்வார்கள்?

ஓட்டும் இடத்தைத் தெரிவுசெய்வதில் ஒரு வேண்டுகோள். பிரெட்றிக் கோட்டைப் பக்கமும் அதை ஒட்டிய கரையிலும் மான்கள் திரிகின்றன. மோட்டாரின் கீச்சொலிக்கு அவை மிரண்டு வீதிக்குப் பாயும். அங்கே வேண்டாம். உப்புவெளிக் கரையில் அதிகாலையில் இடம் தாராளம், வலை இழுக்கிறவர்களின் கயிற்றுக்கு விலகி ஓட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஐப்பசி தொடங்கி மழை விடும்வரை வண்டி வெளியே போகாது. அது மேசை வேலைக்கான காலம். "மாமா, இ.போ.ச. பஸ் ஒன்று செய்தால் என்ன?" என்று அக்காவின் மகன் கேட்டதிலிருந்து இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்தான் மனதில் ஓடுகிறது. பதினொரு மீற்றர் பஸ் 1/16 அளவில் எழுபது சென்றிமீற்றரை எட்டும், 1/24 அளவில் நாற்பத்தாறு. பஸ் டயரின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீற்றர் என்பதால் 1/24 கணக்கில் நாலு சென்றிமீற்றருக்குச் சற்று மேலான சில்லு வேண்டும். அது கல்லேறும் சிறு வண்டிகளின் சில்லுகளில் கிடைக்கிறது. ஆகவே 1/24 என்று முடிவாகிவிட்டது. பின் அச்சில் இரட்டைச் சில்லுக்காக ஒற்றைச் சில்லுகள் இரண்டை நீண்ட தண்டொன்றில் சேர்த்துப் பூட்டப்போகிறோம். யன்னல் வரிசையை அவன் கடதாசி மட்டையில் வெட்டி முடித்துவிட்டான், ஸ்குரூக்கள் 316 தரத்தில் வாங்கி வைத்தாயிற்று.