பினாங்கு தனியாக, இலங்கை ஜோடியாக: எது மனசில் நிற்கிறது?

"வீட்டுக்காரர் இல்லாம ஃபாரினா?" என்று ராயபுரத்தில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. அவரோடு போய் வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை, "சாக்லேட் எங்க?" என்பதைத் தவிர. இரண்டு விதமாகவும் போய் வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. நான் தனியாகப் போனது மலேசியாவின் பினாங்கு. இருவரும் சேர்ந்து போனது இலங்கை: யாழ்ப்பாணத்தில் இறங்கி, கண்டி, எல்ல வழியாகக் கொழும்பு.

செலவுக் கணக்கில் ஜோடிதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் அறை வாடகை ஒன்றுதான், ஆட்டோக் கூலியும் அப்படியே. பினாங்கில் எல்லாமே முழுசாக என் பர்சில் விழுந்தது. விசாவுக்கு மட்டும் காசு இல்லை. 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போய் 30 நாள் வரை தங்கலாம், நான் போனது அதற்குப் பிறகு.

சாப்பாட்டிலும் இரண்டு பேர் இருப்பது லாபம். தனியாக உட்கார்ந்து ஒரு தட்டு நாசி கண்டார் (சோற்றின் மேல் பலவிதக் குழம்பு ஊற்றித் தருவது) வாங்கினால் வயிறு அதோடு நிறைந்துவிடும். பக்கத்து மேசையில் லக்சா நூடுல்ஸ் சூப் மணக்கும், பார்த்துக்கொண்டே எழுந்து வர வேண்டியதுதான். இலங்கையில் கொத்து ரொட்டி ஒன்று, இடியாப்பமும் சொதியும் ஒன்று என்று வாங்கிப் பாதிப் பாதி. ஆனால் அவரோடு சாப்பிடுவதில் இன்னொரு தொல்லை உண்டு. கொழும்பு காலிமுகத் திடலில் இறால் வடையைக் கடித்ததும், "காசிமேட்டு இறால் முன்னாடி இது நிக்காது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அப்புறம் அந்த வடை எனக்கும் ருசிக்கவில்லை.

பை விஷயத்தைப் பயண வீடியோ போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கினேன். பாத்ரூம் போக வேண்டும். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உள்ளே இழுத்துப் போனால் கதவைச் சாத்த முடியவில்லை. பெட்டியை நிமிர்த்தி, கைப்பையைக் கழுத்தில் மாட்டி, ஒரு காலால் கதவைத் தள்ளி... மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை சின்னப் பெட்டி.

இதுவரை ஜோடிப் பக்கம்தான் மார்க் ஏறுகிறது. மனிதர்கள் என்று வந்தால் கணக்கு அப்படியே மாறுகிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன், நம் பாரிமுனை ஜார்ஜ் டவுன் போலவே துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த ஊர். 2008ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குயின் தெருவில் 1833ல் எழுந்த மாரியம்மன் கோவில். கூப்பிடு தூரத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான்யின் கோவில், 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் சர்ச். கோவிலில் ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"மெட்ராஸ் பாட்டி. ராயபுரம்."

"ஹார்பர் பக்கமா? எங்கப்பா அங்கதான் ரஜூலா ஏறுனாரு. தனியாவா வந்த? சாப்ட்டியா?"

அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் உட்கார வைத்தார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை, அவரே சொன்னார். காசையும் என்னைக் கொடுக்க விடவில்லை. ரஜூலா 1926ல் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குப் பக்கமாக ஆட்களை ஏற்றி இறக்கியது. துறைமுகத்துச் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கப்பலின் பெயரைச் சொல்ல பினாங்கில் ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய அப்பா டெக்கில் படுத்தே வந்தாராம், ஊறுகாய் ஜாடி உடைந்ததற்கு அம்மா கடைசி வரை திட்டினாராம். அவர் பேசப் பேச டீ ஆறிப்போனது.

பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். காரணம் யாழ்ப்பாணத்தில் புரிந்தது. மொழி ஒன்று, முகமும் ஒன்றுதான், ஆனால் ஜோடியாக வருகிறவர்களைப் பார்த்தால் ஜனங்கள் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். பேசினாலும் கேள்வியெல்லாம் அவரிடம்தான். "எங்க இருந்து வாறியள், என்ன வேலை" என்று அவரைக் கேட்பார்கள். என்னிடம் வந்தது "தேத்தண்ணி குடிக்கிறியளோ" மட்டும். நல்லூர் கந்தசுவாமி கோவிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவருடைய சட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்ததே அங்கே என் முக்கிய வேலையாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தனிமையை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன்: கண்டியிலிருந்து எல்ல போகும் மலை ரயில். முன்பதிவு கிடைக்கவில்லை. ஒருவர் நிற்க, ஒருவர் உட்கார, மாற்றி மாற்றிப் போனோம். தேயிலைச் சரிவில் பனி ஏறி இறங்கும்போது "அங்க பாரு, அங்க பாரு" என்று சொல்ல ஆள் வேண்டும். எல்ல தாண்டி 1921ல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரக் காத்திருந்த நேரமும் அரட்டையிலேயே போனது. தனியாக என்றால் போனைத்தான் நோண்டியிருப்பேன்.

இப்போது திரும்பிப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம் வேறு. இலங்கைக் கதையை வீட்டில் இரண்டு பேர் சொல்கிறோம். ரயிலில் நான்தான் அதிக நேரம் நின்றேன் என்பேன், அவர் இல்லை என்பார். விருந்தாளி முன்னாலேயே சண்டை நடக்கும், அதனாலேயே ஒன்றும் மறக்கவில்லை. பினாங்குக்குச் சாட்சி இல்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பாட்டி கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறார். உண்மையில் எவ்வளவு பேசினார் என்று எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது.

என்னைக் கேட்டால், தமிழ் பேசும் ஆட்கள் உள்ள, நடந்தே சுற்றக்கூடிய ஊருக்குத் தனியாகப் போங்கள், பெண்கள் முக்கியமாக. நீண்ட ரயில், மலை, படகு என்றால் துணையோடு போங்கள்.

அவருக்கும் பினாங்கு பார்க்க ஆசை வந்துவிட்டது. சேர்ந்து போகலாம் என்கிறார். நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். அவர் அரை மனசாகச் சம்மதித்துவிட்டார். "புள்ளைய தனியாவா அனுப்புவ?" என்று கேட்கும் மாமியாரைத்தான் இன்னும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை.